கோபுரத்துக்குக் கைப்பேசி அனுப்பும் சேதி



ஊரை விட்டுப் பிரிந்து வாழும் நமக்கு வீட்டாரின் குரல் எத்துணை அருமையானது என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஓடும் ரயிலில் அமர்ந்து அன்னையோடு பேசுகிறோம். நடுவே பேச்சு அறுந்துவிடுகிறது. உடனே கோபுரத்தின்மீது குறை கூறுகிறோம். ஆனால் நம் கைப்பேசியும் அந்தக் கோபுரத்துக்கு ஓயாமல் சேதி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும், அச்சேதி நீண்டுவிட்டால் நம் பேச்சுக்கே இடமில்லாமற் போகும் என்பதையும் நம்மில் பலர் அறியோம். அச்சேதியைச் சுருக்கும் வழிகளையே இன்று ஆராய்வோம்.

கோபுரத்தில் பல ஆன்டெனாக்களை அமைப்பது எதற்காக? கோபுரத்திலிருந்து புறப்படும் மின்காந்த அலை சுவரிலும் கூரையிலும் மோதி, பல வழிகளில் நம்மை வந்தடைகிறது. முகடும் முகடும் கூடினால் அலையின் வலிமை பெருகும். முகடும் பள்ளமும் கூடினால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒவ்வோர் ஆன்டெனாவிலிருந்தும் செல்லும் அலையைச் சற்றே முந்தவோ பிந்தவோ விட்டால், நாம் இருக்கும் இடத்தில் முகடுகள் யாவும் ஒன்றுகூடும். வடம் பிடிப்போர் அனைவரும் ஒரே மூச்சில் இழுத்தாலன்றித் தேர் நகர்வதில்லை அல்லவா? இதுவும் அத்தகையதே. மேலும், ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல செய்தித் தொடர்களை அனுப்பவும் இம்முறை இடந்தருகிறது. இக்கருத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் அவர்கள். இந்தியக் கடற்படையில் பணியாற்றி, பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த அவருக்கும் தாமஸ் கைலாத்துக்கும் 1994-இல் இதற்கான அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. 2014-இல் பால்ராஜ் மார்க்கோனி பரிசு பெற்றார்.

இனி இடர்ப்பாட்டுக்கு வருவோம். எந்த அலையை எவ்வளவு முந்த விடுவது என்பது கோபுரத்துக்குத் தானாகத் தெரியாது. வந்து சேர்ந்த அலையின் நிலையைக் கைப்பேசி அளந்து, திருப்பிச் சொல்ல வேண்டும். கோபுரத்தில் 32 ஆன்டெனாக்கள், கைப்பேசியில் 4 என்று கொள்வோம். இவற்றிடையே 128 இணைப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வலிமை ஓர் எண், முந்துதல் பிந்துதல் ஓர் எண். ஆக 256 எண்கள். எண்ணுக்கு 8 பிட் வீதம் 2,048 பிட்கள். இதுவும் அலைவரிசையின் ஒரு சிறு துண்டுக்கு மட்டுமே.

ஒரு முறை சொன்னால் போதுமா? போதாது. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயில், அதில் பாதித் தொலைவை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கில் கடந்துவிடும். அதற்குள் அலையின் நிலை மாறிப்போகும். சொன்ன சேதி பழஞ்சேதியாகிவிடும். அவ்வப்போது புதுப்பித்தால் நொடிக்கு 13 லட்சம் பிட்களுக்கு மேல் வேண்டும். தெளிவான குரற்பேச்சுக்கோ நொடிக்கு 24,000 பிட்கள் போதும். பேச்சைப்போல் ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட அறிக்கை! கைப்பேசி வெளியிடும் ஆற்றலோ பெரும்பாலும் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். இச்சுமையை அது எவ்வாறு தாங்கும்?

இதற்குக் கண்ட முதல் தீர்வு நமக்குப் பழக்கமானதே. தீபாவளிக்கும் திருமணத்துக்கும் நாம் ஊருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பிய காலம் நினைவிருக்கலாம். 2013 ஜூலையில் அத்தந்திச் சேவை நின்றுவிட்டது. வாழ்த்து வாசகங்களுக்கு எண்கள் இருந்தன. கம்பி வழியே சென்றது எண் மட்டுமே. முழு வாசகத்தையும் அக்கரை அலுவலகத்தார் எழுதிக் கொடுத்தார்கள். அதேபோல், ஆன்டெனாக்களை இயக்கும் சில கோலங்களை முன்னதாகவே வகுத்து, அப்பட்டியலைக் கோபுரத்திலும் கைப்பேசியிலும் வைத்துவிடுகிறார்கள். கைப்பேசி தனக்கு ஏற்ற கோலத்தின் எண்ணை மட்டும் அனுப்புகிறது. நான்காம் தலைமுறை அமைப்பில் 4 ஆன்டெனாக்களுக்கு 16 கோலங்கள் வகுத்தார்கள். அவற்றுள் ஒன்றைக் குறிக்க 4 பிட்கள் போதும்.

இரண்டாவது வழி, பெரும்பாலும் மாறாததைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் விடுவது. அலை வரும் திசைகள் சிலவே. அவையும் மெல்லவே மாறும். ஆகவே திசையை எப்போதாவது ஒரு முறையும், விரைந்து மாறும் நுட்பத்தை மட்டும் அடிக்கடியும் சொல்லலாம். ஐந்தாம் தலைமுறைப் பட்டியல்கள் இத்தகைய பகுப்பைக் கொண்டவை. 2018 முதல், சேதியைச் சுருக்கவும் மீண்டும் விரிக்கவும் கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுக்கும் ஆராய்ச்சியும் வளர்ந்து வருகிறது.

மூன்றாவது வழியில் அறிக்கையே பெரும்பாலும் வேண்டுவதில்லை. போகவும் வரவும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்தினால், வரும் வழியின் இயல்பே போகும் வழிக்கும் பொருந்தும். கைப்பேசி ஒரு சிறு அடையாள அலையை எழுப்பினால், கோபுரம் அதனை அளந்து எல்லாம் அறிந்துகொள்ளும். 2022-இல் நம் நாட்டில் ஏலம் விடப்பட்ட 3,300 மெகாஹெர்ட்ஸ் வரிசை இம்முறையைச் சார்ந்தது. ஆனால் தொலைவில் உள்ள கைப்பேசியின் மெல்லிய அலை கோபுரத்தை எட்டும்போது மங்கிவிடும். அப்போது எண் அனுப்பும் முறையே துணை.

சுருக்குவதற்கும் எல்லை உண்டு. கோபுரம் ஒரே நேரத்தில் பலருடன் பேசுகையில், தவறான சேதி ஒருவருக்குரிய அலையை மற்றவர்மேல் சிதறவிடும். அலையின் ஆற்றலைக் கூட்டினால் இக்குறை தீராது. அதற்கேற்ப அறிக்கையின் பிட்களையும் கூட்ட வேண்டும் என 2006-இல் நிகர் ஜிண்டால் நிறுவினார். ஆகவே மிகுதியாகச் சொன்னால் பேச்சுக்கு இடமில்லை. குறைவாகச் சொன்னால் அண்டை அயலாரின் பேச்சும் கெடும். இவ்விரண்டுக்கும் நடுவே அளவறிந்து நிற்பதே பொறியாளரின் பணி. அடுத்த முறை ரயிலில் பேச்சு அறுந்தால், நம் கையிலுள்ள சிறு கருவி அந்நேரம் எத்தனை விரைந்து சேதி சொல்ல வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.