சாய்ந்த ஒளியில் பழங்காசு

ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டும் அடங்கிவிடுவதில்லை; விரல் நுனியில் அடங்கும் செப்புக் காசிலும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. பாட்டியின் சுருக்குப் பையிலும் பூசையறைத் தட்டிலும் பழங்காசுகள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல், ஒரு திறன்பேசியையும் சன்னல் ஒளியையும் கொண்டு அவற்றைத் தெளிவாகப் படமெடுத்துப் பதிவு செய்யும் முறையைக் காண்போம்.

காஞ்சியும் காசும்

காஞ்சிபுரம் பல்லவரின் தலைநகராக விளங்கியது. பல்லவர் காசுகள் பலவற்றில் காளை உருவம் காணப்படுகிறது; சிலவற்றில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இடம்பெற்றுள்ளது. அரசின் சின்னத்தையும் கடல் வணிகத்தின் சிறப்பையும் ஒருங்கே உணர்த்தும் சான்றுகள் இவை. பின்னர்ச் சோழர் காசுகளும், விசயநகரக் காசுகளும், ஆங்கிலேயர் வெளியிட்ட வெள்ளி ரூபாயும் இங்கு அடுத்தடுத்துப் புழங்கின. 1943 முதல் 1947 வரை அச்சிடப்பட்ட, நடுவில் துளையுள்ள பைசாவைப் பல வீட்டு முதியோர் இன்றும் நினைவில் வைத்திருப்பர். 64 பைசாவாக இருந்த ஒரு ரூபாய், 1957 ஏப்ரல் 1 முதல் 100 புதிய பைசாவாக மாறியது. இம்மாற்றங்களை எல்லாம் ஒரு வீட்டின் பழைய காசுகளே வரிசையாகச் சொல்லிவிடும்.

தேய்ந்த காசு சொல்லும் செய்தி

சங்க இலக்கியத்தில் பாண்டியர் பெயராக வரும் ‘பெருவழுதி’ என்னும் சொல், தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்ட செப்புக் காசு ஒன்றைச் சங்ககாலக் காசுகளை ஆராய்ந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்தினார். பாடலில் வாழ்ந்த பெயருக்கு உலோகத்தில் ஒரு சான்று கிடைத்தது. அச்சான்று காசின் மேற்பரப்பில் நிற்கும் சில எழுத்துகளே ஆகும்.

ஆகவே, படமெடுக்கும் முன் காசைத் துலக்குதல் கூடாது. பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குவது நம் வழக்கம். ஆனால், பழைய செப்புக் காசின் மேல் படிந்த பச்சை அல்லது கரிய படலத்தைப் புளியின் அமிலம் கரைத்துவிடும். தேய்ந்த எழுத்தின் விளிம்பு பல வேளைகளில் அப்படலத்திலேயே எஞ்சியிருக்கும். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். ஒட்டியுள்ள தூசியை மென்மையான தூரிகையால் மெல்லத் தட்டினால் போதும். காசின் முகத்தில் விரல் படாமல் அதன் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

ஒளியின் திசை

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கயிலாசநாதர் கோயிலின் சிற்பங்களைக் காலையிலும் மாலையிலும் காண்போர் ஓர் உண்மையை உணர்வர். சுவரின் மீது ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது, சிற்பத்தின் மேடு ஒளிர்கிறது, பள்ளம் நிழலாகிறது, உருவம் தெளிகிறது. ஒளி நேர் எதிரே நின்று பரவினால் அதே சிற்பம் தட்டையாகத் தோன்றும். காசும் ஒரு சிறு புடைப்புச் சிற்பமே. திறன்பேசியின் மின்னொளி காசின் முகத்தில் நேராகப் பாய்ந்து நிழல்களை அழித்துவிடுவதால், அதனை அணைத்துவிட வேண்டும்.

நேரடி வெயில் படாத சன்னலருகே மேசையை இட்டு, காசின் மேல் இடப்பக்கத்திலிருந்து ஒளி விழுமாறு அமைக்க வேண்டும். ஒளி மேலிருந்து வருவதாகவே நம் கண் கருதும். எனவே, படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒளி வந்தால், புடைத்த உருவம் குழிந்ததுபோல் மயக்கம் தரும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து நிறுத்தினால், அது ஒளியைத் திருப்பி அனுப்பி மிகையான இருளைக் குறைக்கும். அறையின் மின்விளக்கை அணைத்துவிடுதல் நன்று. இருவகை ஒளி கலந்தால் செம்பின் நிறம் திரியும்.

பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக நெய்த காஞ்சிப் பட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் அதன் இருநிறமும் புலப்படும். தேய்ந்த காசும் அத்தகையதே. ஒரு திசை ஒளியில் மறைந்த எழுத்து மற்றொரு திசை ஒளியில் எழும். ஆகவே, காசைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல படங்கள் எடுக்க வேண்டும்.

புதிய காசு கண்ணாடிபோல் மின்னுவதால் சாய்ந்த ஒளியில் அதன் பரப்பு கருத்துப்போகலாம். அப்போது, காசுக்கும் வில்லைக்கும் இடையே தெளிந்த கண்ணாடித் துண்டு ஒன்றை 45 பாகைச் சாய்வில் நிறுத்தலாம். பக்கத்திலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதி அதில் பட்டுக் காசின் மீது நேராக இறங்கும். காசிலிருந்து மீளும் ஒளி அக்கண்ணாடியின் வழியே வில்லையை அடையும்.

படமெடுக்கும் முறை

1. சம உயரமாகப் புத்தகங்களை அடுக்கி, வில்லை உள்ள முனை வெளியே நீளுமாறு திறன்பேசியைக் கிடத்தி, மறுமுனையில் ஒரு புத்தகத்தை வைக்க வேண்டும். கை நடுக்கம் இதனால் நீங்கும்.
2. வில்லைக்கும் காசுக்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கலாம். மிக நெருங்கினால் திறன்பேசியின் நிழலே காசின் மீது விழும்.
3. கறுப்புத் துணியின் மேல் ஓர் அழிப்பானை வைத்து, அதன் மேல் காசை வைக்க வேண்டும். காசு உயர்ந்து நிற்பதால் பின்புலம் மங்கி, விளிம்பு தெளியும்.
4. திரையில் காசைத் தொட்டுக் குவியம் அமைத்து, வெளிச்ச அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். கறுப்புப் பின்புலம் கண்ட கருவி, படத்தைத் தானே மிகையாக வெளுக்கச் செய்யும்.
5. நேரங்கடத்தி இயங்கும் அமைப்பைப் பயன்படுத்தினால், பொத்தானைத் தொடும் அதிர்வு படத்தில் சேராது.
6. வட்டமான காசு படத்தில் நீள்வட்டமாகத் தெரிந்தால், திறன்பேசி சாய்ந்திருக்கிறது எனக் கொண்டு சரிசெய்ய வேண்டும்.

படமும் பதிவும்

காசின் இரு பக்கங்களையும் படமெடுத்தல் வேண்டும். ஒரு படத்திலேனும் மில்லிமீட்டர் அளவுகோல் இருக்க வேண்டும். அது காசின் முகம் உள்ள அதே உயரத்தில் இருந்தால்தான் அளவு பிழைபடாது. எடையையும் கிராமில் குறிக்க வேண்டும். 1835 முதல் ஆங்கிலேயர் வெளியிட்ட வெள்ளி ரூபாயின் திட்ட எடை ஏறத்தாழ 11.66 கிராம். கையிலுள்ள காசின் எடை இதனினும் மிகக் குறைந்தால், அது தேய்ந்ததா, போலியா என ஆராய இடமுண்டு. நிறத்தை மிகுவிக்கும் திருத்தங்கள் செய்தல் கூடாது. அழகு கூட்டிய படம் சான்றாகாது.

எல்லாவற்றினும் இன்றியமையாதது, காசு எங்கிருந்து கிடைத்தது என்னும் குறிப்பு. இடம் அறியப்படாத காசு, முகவரி இழந்த கடிதம் போன்றது. மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின் விதி. குடும்பத்தில் வழிவழியாக வந்த காசாயின், அதனை வைத்திருந்தவர் பெயரையும் கிடைத்த விதத்தையும் பெரியோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம்.

பழங்காசு ஒருநாள் விற்கப்படலாம், உருக்கப்படலாம், காணாமலும் போகலாம். நல்ல ஒளியில் எடுத்த இரு படங்களும், அளவும் எடையும் இடமும் குறித்த நான்கு வரிகளும் இருந்தால், அக்காசின் செய்தி எஞ்சி நிற்கும். வீட்டை விட்டு வெளியேறாத காசையும் தொலைவில் உள்ள நாணயவியல் அறிஞர் படித்தறிய அப்பதிவு வழிசெய்யும்.