கருப்பை உட்படலமும் காண்டாமிருகமும்

கொல்கத்தாவில் அலிப்பூர் மிருகக்காட்சிச் சாலையில், 1889ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், சுமத்ராக் காண்டாமிருகம் ஒன்று கன்று ஈன்றது. அன்று அச்சாலையின் கண்காணிப்பாளர் ராம் பிரம்ம சன்யால். காப்பிலுள்ள விலங்குகளைப் பேணும் முறைபற்றி 1892இல் நூல் வெளியிட்டவரும் அவரே. மேனியில் மயிரும் இரு கொம்புகளும் உடைய இவ்வினம், மீண்டும் காப்பிடத்திலேயே கருவுற்று ஈன்றது 2001இல்தான். இடைப்பட்டவை 112 ஆண்டுகள்!

இத்துணைக் காலத் தாழ்விற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று கருப்பையின் உட்படலத்தைப் பற்றியது.

கருவிற்கு அப்படலமே விளைநிலம். அது கெட்டால் நேர்வதைக் கால்நடைத் துறைப் பணியாளர் நன்கறிவர். ஈன்ற பசுவின் நஞ்சுக்கொடி விழாது தங்கினால், கிருமிகள் பெருகிப் படலம் அழற்சியுறும். அழற்சி நாட்பட்டுவிட்டாலோ, பசு பார்வைக்கு நலமாகவே இருக்கும், தீவனம் தின்னும், ஏறத்தாழ 21 நாட்களுக்கொருமுறை பருவத்திற்கும் வரும், ஆயினும் சினை நிற்பதில்லை. கரு உருவானாலும் பற்றி வளர இடமின்றி அழிந்துபோகும். மகளிரிடத்தில் காசநோய்க் கிருமிகள் இதே தீங்கினைச் செய்வதுண்டு.

காண்டாமிருகத்திலோ கிருமியின்றியே படலம் கெடுகிறது என்பது வியப்புக்குரியது. காட்டில் பெண் விலங்கு பெரும்பாலும் சினையாகவோ கன்றுக்குப் பாலூட்டிக்கொண்டோ இருக்கும். ஆண் துணையின்றி நெடுநாள் வாழ்ந்தால், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் பருவந்தோறும் படலத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். இடையே ஓய்வு கிட்டாது. அதனால் சுரப்பிகள் வீங்கி நீர்க்கட்டிகளாகின்றன. தசையில் கழலைகளும் தோன்றுகின்றன. காப்பிடத்தில் தனித்து வைத்தலும், காட்டிலேயே இனம் அருகிப்போதலும் ஒரே விளைவைத் தருகின்றன. மலேசியாவில் 2011இல் பிடிபட்ட புந்துங், 2014இல் பிடிபட்ட இமான் ஆகிய இரு பெண் விலங்குகளின் கருப்பைகளும் இவ்வாறு பழுதுற்றிருந்தன. 2019 நவம்பரில் இமான் இறந்தபோது அந்நாட்டில் இவ்வினமே அற்றுப்போயிற்று.

2001இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈன்ற எமி என்பதற்கு, அதற்குமுன் ஐந்து கருக்கள் சிதைந்திருந்தன. ஆறாம் முறை, படலத்தைக் கருவேற்கத் தக்கதாக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைக் கொடுத்து வந்தனர். கரு தங்கி 475 நாட்களில் ஆண் கன்று பிறந்தது.

இன்று எஞ்சியுள்ள சுமத்ராக் காண்டாமிருகங்கள் ஐம்பதுக்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. ஆகவே, பெண் விலங்கு பருவமெய்தியதும் காலம் தாழ்த்தாது இணை சேர்ப்பதே முறையெனத் தோன்றுகிறது. முற்றிய கட்டிகளுக்கு மருந்து தேடுவது அரிது. சுமத்ராவின் வே கம்பாஸ் காப்பகத்தில் 2016இல் பிறந்த டெலைலா, எமியின் மூன்றாம் கன்றான ஹராப்பானுடன் இணைந்து, 2023 நவம்பரில், தன் ஏழாம் வயதிலேயே ஆண் கன்று ஒன்றை ஈன்றது.