பெண்களுக்கு வைத்த பரீட்சை

ஆண்களுக்கு உலகக் கோப்பை கால்பந்து 1930லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு? 1986ல் மெக்சிகோவில் நடந்த ஃபிஃபா மாநாட்டில் நார்வேயின் எலன் வில்லே மேடையேறி, எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார். (குள்ளமானவராம், மைக் மேசைக்குப் பின்னால் ஆளே சரியாகத் தெரியவில்லையாம்!)

உடனே கோப்பை தரவில்லை. முதலில் ஒரு பரீட்சை. 1988 ஜூனில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்துக்கு 12 அணிகளை அழைத்து ஆட வைத்துப் பார்த்தார்கள். தகுதிச் சுற்று கிடையாது, அழைப்பு மட்டும்தான். இறுதியில் நார்வே 1-0 என்று ஸ்வீடனை ஜெயித்தது. எனக்குப் பிடித்தது பிரேசில்தான். அங்கே 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடவே தடை. ஒன்பதே வருஷத்தில் மூன்றாம் இடம்!

பெண்கள் பாஸ். 1991ல் அதே குவாங்டொங்கில் முதல் உலகக் கோப்பை. ஆனால் ஆட்டம் 90 நிமிஷம் இல்லை, 80தான். பாஸான பிறகும் ஏன் 10 நிமிஷத்தைக் குறைத்தார்களோ, எனக்கு இன்னும் கோபம்தான்.