தூரத்து பஸ் ஏன் நின்றது போலத் தெரிகிறது?

பிள்ளைகளே, ஏ9 வீதியைக் கடந்து பாடசாலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் பக்கமெல்லாம் வீதி நேராக நெடுந்தூரம் ஓடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு பஸ். ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிகிறது. “அது அங்கதானே நிக்குது” என்று நினைத்து முடிப்பதற்குள் பக்கத்தில் வந்து நம்மைத் தாண்டிப் பறக்கிறது. இடையில் அந்த பஸ் வேகமெடுக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே ஒரே வேகத்தில்தான் வந்தது. பிறகு ஏன் அப்படித் தெரிந்தது?

நம்மை நோக்கி நேரே வரும் பொருள் இடமோ வலமோ நகர்வதில்லை. அது வருகிறது என்பதை, விழித்திரையில் விழும் அதன் விம்பம் பெரிதாகிக்கொண்டு போவதை வைத்துத்தான் மூளை பெரும்பாலும் கண்டுகொள்கிறது. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். 200 மீற்றர் தூரத்தில் இருக்கும்போது அது 17 மீற்றர் முன்னே வந்தால், விம்பத்தின் அகலம் பத்திலொரு பங்குகூடக் கூடுவதில்லை. அந்தச் சிறிய மாற்றம் மூளைக்குப் பிடிபடாது. அதே பஸ் 34 மீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு செக்கனில் 17 மீற்றருக்கு வந்துவிடும். இப்போது விம்பம் இரு மடங்கு! அப்போதுதான் நமக்குத் திடுக்கிடுகிறது. ஆனால் மிச்சம் இருப்பது இன்னும் ஒரே ஒரு செக்கன்.

ஏழு மீற்றர் அகலமான வீதியை ஒரு சிறு பிள்ளை நடந்து கடக்க ஆறு, ஏழு செக்கன் வேண்டும். அதற்குள் பஸ் நூறு மீற்றருக்கு மேல் வந்துவிடும். அதனால் “தூரத்தில் நிற்கிற” பஸ்ஸை நம்பி ஒருபோதும் வீதியில் இறங்கக்கூடாது. அது போகும்வரை நில்லுங்கள்.

2011 இல் இங்கிலாந்தில் சில உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மணிக்கு 32 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் நெருங்கும் வாகனத்தின் வருகையை ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளால் நம்பத்தக்க விதத்தில் கணிக்க முடியவில்லை. வளர்ந்தவர்கள் அதைவிட மிகக் கூடிய வேகத்தையும் கணித்தார்கள். பிள்ளைகள் கவனமில்லாதவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. விம்பம் பெரிதாவதைப் பிடித்துக்கொள்ளும் திறன் வயதோடுதான் வளர்கிறது. “பார்த்துப் போ” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகும் பெரியவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

இந்தக் குறையைப் பெரியவர்கள் எப்படி ஈடுசெய்யலாம்? ஜப்பானைப் பாருங்கள். அங்கே ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் பெரும்பாலும் நடந்தே போகிறார்கள். ஆரம்பப் பாடசாலை 4 கிலோமீற்றருக்குள், அடுத்த கட்டப் பாடசாலை 6 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான அளவுகோல். பல ஊர்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி வரிசையாகப் போவார்கள். முன்னால் ஆறாம் வகுப்பு அண்ணாவோ அக்காவோ, நடுவில் குட்டிப் பிள்ளைகள், கடைசியில் இன்னொரு பெரிய பிள்ளை. சின்னவர்களின் தலையில் மஞ்சள் தொப்பி. முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப்பைக்கு மஞ்சள் உறை.

இந்த ஒழுங்கு சும்மா வந்ததல்ல. 1960களில் அங்கே வாகனங்கள் மளமளவென்று பெருகின. 1970 ஆம் ஆண்டில் மட்டும் 16,765 பேர் வீதி விபத்துகளில் இறந்தார்கள். ஏற்கெனவே 1959 இலேயே தோக்கியோவில் பச்சைச் சீருடை அணிந்த பெண்கள் கடவைகளில் நின்று பிள்ளைகளைக் கடத்திவிடத் தொடங்கியிருந்தார்கள். வாகனத்தின் வேகத்தைக் கணிக்கும் வேலையைப் பிள்ளையிடமிருந்து பெரியவர் எடுத்துக்கொண்டார். 1972 இல் பாடசாலையைச் சுற்றி ஏறக்குறைய 500 மீற்றர் தூரத்தைப் பாதுகாப்பு வலயமாக்கும் ஏற்பாடு வந்தது. 2023 இல் இறந்தவர்களின் தொகை 2,678. வீதிகளும் வாகனங்களும் மருத்துவமும் சேர்ந்து முன்னேறியதால் வந்த மாற்றம் இது.

தொப்பிக்கும் உறைக்கும் மஞ்சள் ஏன் பொருத்தமானது? பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூடுதலாக உணர்வது மஞ்சளும் பச்சையும் சேருமிடத்து ஒளியைத்தான். நம் பாடசாலைச் சீருடை வெள்ளை. வெயிலில் நன்றாகத் தெரியும். ஆனால் மார்கழி, தை மாதங்களின் காலைப் பனிமூட்டத்தில் வெள்ளை பின்னணியோடு கலந்துவிடும். பாலையும் வீரையும் நிற்கும் காட்டோரம், செம்மண் கிரவல் வீதி, எதிலுமே மஞ்சள் எடுபடும். புத்தகப்பையின் முதுகில் ஒரு மஞ்சள் துணி தைத்துக்கொள்ளப் பெரிய செலவில்லை.

ஆனால் ஜப்பானுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வன்னியில் பாடசாலை தூரம். பஸ் எல்லா ஒழுங்கைக்கும் வராது. அதனால் சைக்கிள்தான். ஜப்பானிலும் இங்கும் வாகனங்கள் இடது பக்கமாக ஓடுகின்றன. நடப்பவர் வலது ஓரமாகப் போனால் எதிரே வரும் வாகனத்தைக் காணலாம். சைக்கிள் ஓடுபவர் இடது பக்கமாகவே போக வேண்டும். அவருக்கு ஆபத்து முதுகுப்பக்கம். பின்னால் வரும் டிப்பரை அவர் காணமாட்டார். டிப்பர் ஓட்டுபவர்தான் அவரைக் காண வேண்டும்.

அங்கேதான் மட்கார்ட்டில் இருக்கும் சிவப்பு றிப்ளெக்டர் வேலை செய்கிறது. அதைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள். சின்னச் சின்ன மூலைகள் நிறைந்திருக்கும். ஒவ்வொரு மூலையிலும் மூன்று தளங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கின்றன. உள்ளே வரும் ஒளி மூன்றிலும் தெறித்து, வந்த திசைக்கே திரும்பிப் போகும். லொறி நேர் பின்னால் வராமல் சற்றுச் சரிவாக வந்தாலும் அதன் விளக்கொளி சாரதியின் பக்கமே திரும்பும். டைனமோ விளக்கு சைக்கிள் நின்றால் அணைந்துவிடும். இதற்கு அந்தக் குறை இல்லை. 1969 இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் இதே அமைப்புள்ள தெறிப்பான்களைச் சந்திரனில் வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து சந்திரனின் தூரத்தைக் கணிக்கிறார்கள். மாரி காலத்தில் உங்கள் றிப்ளெக்டரில் சேறு அப்பிக்கிடந்தால் ஒளி உள்ளேயே போகாது. துடைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் போதாத இடமுண்டு. 2021 யூனில் ஜப்பானின் யச்சிமாத்தா நகரில், பாடசாலை விட்டு வீட்டுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்த ஐந்து பிள்ளைகள்மீது லொறி மோதியது. ஓட்டியவர் மது அருந்தியிருந்தார். இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்த வீதியில் நடைபாதை இருக்கவில்லை. அதன் பிறகு நாடு முழுவதும் பாடசாலைப் பாதைகளைச் சோதித்துத் திருத்த அரசு பணித்தது. நடைபாதையும் வேகத்தடையும் பெரியவர்கள் கட்டித்தர வேண்டியவை. நம் பாடசாலை வாசல்களிலும் அவற்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கடைசியாக ஒரு பரிசோதனை. நண்பர் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிடட்டும். பூச்சியக் குறிக்கு நேரே உங்கள் இரு விரல்களையும் தொடாமல் வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 15 சென்ரிமீற்றரில் பிடித்தால் நீங்கள் எடுத்த நேரம் ஏறக்குறைய 0.17 செக்கன். 20 இல் என்றால் 0.20. 25 இல் 0.23. இது எதிர்பார்த்திருந்த விரலுக்கு. எதிர்பாராத சாரதி கண்டு, முடிவெடுத்து, காலை பிரேக்குக்கு மாற்ற ஒரு செக்கனாவது ஆகும். 60 கிலோமீற்றர் வேகத்தில் அதற்குள் 17 மீற்றர் போய்விடும். அதன் பிறகு காய்ந்த தார் வீதியில் ஒரு கார் நிற்க இன்னும் ஏறக்குறைய 20 மீற்றர் வேண்டும். ஈர வீதியில் அதைவிடக் கூட. இனி, கவனம் சிதறினால் என்ன ஆகும் என்று அறிய, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே அடிமட்டத்தைப் பிடித்துப் பாருங்கள். எத்தனை சென்ரிமீற்றர் கூடுகிறது என்று எழுதி வையுங்கள்.