மரக் கத்திப்பிடி சீரமைப்பு

மரக் கத்திப்பிடி சீரமைப்பு என்பது பழைய சமையலறைக் கத்திகளின் மரப்பிடிகளைத் தூய்மை செய்து, பழுது நீக்கி, மீண்டும் பயன்படுத்தத் தக்கனவாக ஆக்கும் பணியாகும். ஆடும் பிடி கையைக் காயப்படுத்தக் கூடியது. அதன் வெடிப்புகளில் உணவுத் துகள்கள் தங்கிக் கிருமிகள் பெருக இடமுண்டு.

அமைப்பு

கத்தி அலகின் பின்பகுதி வால் போல் நீண்டு பிடிக்குள் செல்கிறது. மேலைநாட்டுக் கத்திகள் பலவற்றில் இவ்வாலின் இருபுறமும் மரத்துண்டுகள் வைக்கப்பட்டுத் தறையாணிகளால் இணைக்கப்படுகின்றன. மரபுவழிச் சப்பானியக் கத்திகளில் மெல்லிய வால் பிடியின் துளைக்குள் செருகப்படுவதால், பிடியை மட்டும் மாற்றுவது எளிது. பீச்சு, ஈட்டி முதலிய மரங்கள் பிடி செய்யப் பயன்பட்டுள்ளன. ஈட்டி மரம் அடங்கிய தால்பெர்சியா பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் 2017 முதல் பட்டியலிடப்பட்டுள்ளது. எனவே இத்தகைய பழைய பிடிகளை எறிந்துவிடாது சீரமைப்பதே பொருத்தமானது.

பழுதுக்கான காரணங்கள்

மரம் ஈரத்தை உறிஞ்சி விரிவடைந்து, உலரும்போது சுருங்குகிறது. இம்மாற்றம் இழையின் குறுக்கே மிகுதியாகவும் இழையின் நீளத்தில் மிகக் குறைவாகவும் நிகழும். எஃகு ஈரத்தால் இவ்வாறு விரிவதில்லை. இதனால் மரத்திற்கும் வாலுக்கும் இடையே இடைவெளி உண்டாகி நீர் புகுகிறது. வால் துருப்பிடிக்கிறது, துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் கொள்வதால் மரத்தை நெருக்கி வெடிக்கச் செய்கிறது.

செய்முறை

1. அலகைத் தடித்த துணியால் சுற்றிக் கட்ட வேண்டும்.
2. சவர்க்காரம் கலந்த வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பிடியைத் துடைக்க வேண்டும். நீரில் ஊறவைத்தல் கூடாது.
3. நன்கு உலர்ந்தபின், 120, 220, 400 எண் உப்புத்தாள்களால் முறையே இழையின் போக்கில் தேய்க்க வேண்டும். மிகுதியாகத் தேய்த்தால் மரம் மெலிந்து, தறையாணித் தலைகள் துருத்தும். மரத்தூள் மூச்சுக்குழாய்க்குத் தீங்கானது. முகமூடி அணிதல் நன்று.
4. சிறு இடைவெளிகளை எபாக்சி பசையால் அடைக்கலாம். தளர்ந்த தறையாணிகளை மாற்ற வேண்டும்.
5. எண்ணெயை மெல்லியதாகப் பூசி, 15 முதல் 20 நிமிடங்களுக்குப் பின் எஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும்.

எண்ணெய் வகைகள்

ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து இறுகிப் படலமாகிறது. விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்க்கப்பட்ட வகையைச் சமையலறைக் கருவிகளுக்குத் தவிர்ப்பது நலம். உணவுத்தரக் கனிம எண்ணெய் இறுகுவதில்லை, கெடுவதும் இல்லை, ஆனால் அவ்வப்போது மீண்டும் பூச வேண்டும். கடலை எண்ணெய் போன்றவை உலராமல் பிசுபிசுத்து, நாளடைவில் சிக்கு வாடை தரும்.

தீ இடர்

ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானாகவே தீப்பற்றக் கூடும். ஆகவே அதனை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீரில் அமிழ்த்தி மூடியிட்ட உலோகக் கலத்தில் இட வேண்டும்.

பராமரிப்பு

மரப்பிடிக் கத்திகளைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இடலாகாது. கையால் கழுவி உடனே துடைத்து வைத்தல் பிடியின் ஆயுளை நீட்டிக்கும்.