வளர்ப்புப் பிராணியைப் பிரிய நேரும்போது

நீண்ட சிகிச்சை தேவை என்று அறிந்த நாளில், நோயாளிகள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் எல்லாம் மருந்தைப் பற்றியவை அல்ல. "வீட்டில் நாய் இருக்கிறதே, அதை என்ன செய்வது?" என்று கவலையுடன் வினவுவோரும் உண்டு. தனித்து வாழும் முதியோருக்கு இக்கவலை இன்னும் பெரிது. ஆகவே இதனைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

முதலில், பிரிவு உண்மையில் தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோருக்கும் உறுப்பு மாற்றம் பெற்றோருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். ஆயினும், உரிய கவனம் இருப்பின் பலர் தம் பிராணியுடன் வாழ இயலும். சான்றாக, பூனையின் மலத்தில் வெளிப்படக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி, தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாள்கள் ஆகும். மலத்தட்டை வேறொருவர் நாள்தோறும் தூய்மை செய்தால் அபாயம் பெரிதும் குறையும். கருவுற்ற மகளிருக்கும் இது பொருந்தும்.

பராமரிக்க ஆளில்லாத நிலையில், சில மாதங்களுக்கு மட்டும் உறவினரோ அண்டை வீட்டாரோ ஏற்பார்களா என்று பாருங்கள். நிரந்தரமாகப் பிரியத்தான் வேண்டுமெனில், மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே முயற்சியைத் தொடங்குங்கள். பிராணி ஏற்கெனவே அறிந்த வீடே சிறந்தது. புதியவர் எனில் அவர் இல்லத்தை நேரில் கண்டு, சில நாள்கள் பழகவிட்டுப் பின் ஒப்படையுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, உணவு, மருந்து, அஞ்சும் பொருள்கள் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். முன்பு எவரையேனும் கடித்திருந்தால் அதை மறைக்கலாகாது. அது படுத்துறங்கிய துணியைத் துவைக்காமல் உடன் அனுப்புங்கள். பழகிய மணம் புதிய இடத்தில் அதற்கு ஆறுதல் தரும்.

தெருவில் விட்டுவிடுதல் தீர்வாகாது. வீட்டில் வளர்ந்த நாய்க்கு இரை தேடவும் தெரியாது. பிற நாய்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் தெரியாது. துன்புற நேரும் வகையில் பிராணியைக் கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அதனைப் பிறருக்கு வழங்காமல் வனத்துறையிடமே ஒப்படைக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி படுக்கையில் இருக்கும்போது அவர் அறியாமல் பிராணியை அகற்றிவிடாதீர்கள். நலம் பெற்று வீடு திரும்புபவர் வெறுமையான முற்றத்தைக் காணும்போது, துயரத்தோடு தம்மவர்மீதான நம்பிக்கையும் குலையும். முடிவில் அவரும் பங்கு கொள்ளட்டும். இயன்றால் அவரே விடைகொடுக்கட்டும். புதிய வீட்டிலிருந்து வரும் ஒரு புகைப்படம்கூட அவர் மனத்தைத் தேற்றும்.

பிராணிக்காக வருந்துவது நாணத்தக்கதன்று. அக்கவலையால் சிகிச்சையைத் தள்ளிப்போடும் எண்ணம் எழுந்தால், முதலில் எங்கள் செவிலியரிடம் தெரிவியுங்கள். வழியைச் சேர்ந்து தேடுவோம்.