கொழும்பின் கூதிர் காலம்

கொழும்பில் வெக்கை ஆண்டுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறையும் மழையில் தணிகிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இந்நகரம் இருப்பதால் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு தடவையும், செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு தடவையும் சூரியன் இதற்கு நேர் உச்சம் கொடுக்கிறது. முதல் வெக்கையை மே மாதம் வரும் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி அடக்கும். இரண்டாவதை அடக்குவது ஐப்பசி மழை.

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. அவற்றில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மேல்நாட்டுப் பாடப்புத்தகங்கள் சொல்லும் இலையுதிர் காலமும் நாள்காட்டியில் ஏறக்குறைய இதே வாரங்களில்தான் வருகிறது. ஆனால் கொழும்பில் அப்போது மரங்கள் பச்சை பிடித்து நிற்கும். நாட்டு வாதுமை தன் இலைகளைச் சிவக்கவைத்து உதிர்ப்பது பெரும்பாலும் வறண்ட மாதங்களில். ஆகவே இந்நகரத்துக்குப் பொருந்தும் பெயர் கூதிர்தான்; பேச்சில் அது வழக்கொழிந்துபோனது ஓர் இழப்பு.

இங்கே வெப்பமானி பெரிதாக ஏறி இறங்குவதில்லை. மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் இரண்டு பாகை அளவே வேறுபாடு. வருத்துவது காற்றின் ஈரப்பதன். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் அது ஆவியாகாமல் தோலிலேயே தங்கிவிடும். வெள்ளவத்தையின் நெருக்கமான மாடிவீடுகளில் இதை "அவிச்சல்" என்பார்கள். காலி வீதிப் பக்கம் காற்றே அசையாத இரவுகளில் கடற்கரை ரயில் பாதை ஓரமாய் மக்கள் நடந்து திரிவதற்குக் காரணமும் இதுதான்.

ஒக்டோபரில் இரு அரைக்கோளங்களிலிருந்தும் வீசும் காற்றுகள் சந்திக்கும் இடை அயன ஒருங்கல் வலயம் இலங்கைக்கு மேலாகத் தெற்கே நகர்கிறது. தென்மேற்குக் காற்று ஓய்ந்துவிடும், வடகீழ்க் காற்று இன்னும் பிடித்திராது. இந்த இடைவெளியில் நாளின் போக்கை வெயிலும் கடலுமே தீர்மானிக்கின்றன. காலை வானம் துப்புரவாக இருக்கும். முற்பகலில் தரை சூடேற, கடற்காற்று ஈரத்தை உள்ளே தள்ளும். அவிசாவளைப் பக்க மேட்டுநிலத்துக்கு மேல் முகில் கோபுரமாய் எழும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பில் "பிற்பகல் 2 மணிக்குப் பின் இடியுடன் கூடிய மழை" என்ற தொடர் நாள்தோறும் வரும் காலம் இது. மாலையில் முகில் கரைப்பக்கம் திரும்பி வந்து கொட்டும். ஒரு மணி நேர மழைக்குள் சூடு இறங்கிவிடும். இரவில் மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போர்வையைத் தேடலாம். ஒக்டோபர், நவம்பர் ஒவ்வொன்றிலும் சராசரியாக 350 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஜனவரியில் அது 60 மில்லிமீற்றர் அளவுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிது. அங்கே சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று வறண்டது. ஆண்டின் பெருமழை பெரும்பாலும் ஐப்பசியில் தொடங்கும் மாரியில்தான். கொழும்புக்கோ அந்தத் தென்மேற்குக் காற்றே ஒரு மழைக்காலத்தைத் தருகிறது, ஐப்பசி இரண்டாவதைத் தருகிறது.

வீட்டுக்குள் ஒதுங்கும் சுகமும் இந்த வாரங்களுக்கு உரியது. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீ, தடிமனுக்கு அவித்த மல்லித் தண்ணீர், மழை விட்டதும் தெருமுனையில் சுடச்சுட வடை. தீபாவளியும் கந்தசஷ்டியும் நனைந்த தெருக்களில் கழியும். கார்த்திகை விளக்கீட்டன்று கொட்டாஞ்சேனையின் பழைய வீட்டு வாசல்களிலும், வெள்ளவத்தை மாடிப்படிகளிலும் சிட்டி விளக்குகள் வரிசையாக எரியும்.

மழை மிஞ்சினால் முதலில் காட்டிக்கொடுப்பது களனி கங்கை. சிவனொளிபாதமலைச் சூழலில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடி, முகத்துவாரத்தில் கடலில் கலக்கும் ஆறு இது. அதன் மட்டத்தை நகருக்குள் நாகலகம் வீதி அளவுகோலில் அடிக்கணக்கில் பார்க்கிறார்கள். 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம். 1989 ஜூனிலும் 2016 மேயிலும் தென்மேற்கு மழைக்காலத்தில் அது தாண்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது களனி, கொலன்னாவை, வத்தளை தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. மழை விட்ட பின்னும் ஆபத்து முடிவதில்லை. தேங்கிய நீரில் நுளம்பு பெருகி, ஆண்டு முடிவில் டெங்கு கூடும். 2017இல் மட்டும் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு அக்காய்ச்சல் கண்டது. பூச்சாடித் தட்டு, கூரைப்பீலி, வெறும் தயிர்ச்சட்டி ஆகியவற்றைக் கவிழ்த்துத் துடைப்பது ஐப்பசியின் அன்றாட வேலையாகவே இருக்க வேண்டும்.

டிசம்பரில் வாடை எனும் வடகீழ்க் காற்று பிடித்ததும் மழை வடக்குக்கும் கிழக்குக்கும் போய்விடும். மத்திய மலைநாடு கொழும்பை மறைத்துக்கொள்ளும். ஜனவரி விடியலில் வெப்பம் 22 பாகை அளவுக்கு இறங்கும். களனி விகாரையின் துருத்துப் பெரஹெரா 1927 முதல் இந்த ஈரமற்ற இரவுகளில்தான் நடக்கிறது. டிசம்பர்ப் போயாவில் தொடங்கும் சிவனொளிபாதமலை யாத்திரை மே வரை நீளும். ஆனால் கொழும்பின் குளிர்ச்சி பெப்ரவரியோடு சரி. மார்ச் நடுவில் மறுபடி அவிச்சல் தொடங்கிவிடும்.